பகலில் ஓசோன் இறங்குகிறது, நேரக் கணக்கில் தவறா?

ஈசூன்காரன்: வணக்கம். பாலிடெக்னிக் கடைசி ஆண்டு புராஜெக்ட்டுக்கு இங்கே சிங்கப்பூரில் ஓசோன் அளக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க, டாஸ்மேனியாவின் கேப் கிரிம் நிலையத்துக் கோடைத் தரவை எடுத்தேன். விடியலில் உச்சம், பிற்பகலில் இறக்கம்! வெயில் ஏறினால் ஓசோனும் ஏறும் என்றுதானே படித்தோம்? யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தை உள்ளூர் நேரமாக மாற்றியதை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன்.

இன்னொரு தொல்லை. என் கருவி புற ஊதா உறிஞ்சல் வகை. மொட்டைமாடியிலிருந்து டெஃப்லான் குழாய் ஆய்வகத்துக்குள் வருகிறது. ஏர்கானை 22 டிகிரியில் வைத்தால் எண் தாறுமாறாகக் குதிக்கிறது.

கடற்காற்று: தம்பி, நேரக் கணக்கு சரிதான். நீங்கள் படித்தது நகரத்துக் காற்றின் கதை. அங்கே வண்டிப் புகையில் வரும் நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறி, வெயிலில் உடைந்து ஓசோனைத் தருகிறது. கேப் கிரிமில் தென்கடல் காற்று அடிக்கும்போது நைட்ரிக் ஆக்சைடு டிரில்லியனில் சில பங்குதான். வெயில் அங்கே ஓசோனை அழிக்கத்தான் செய்யும். சுமார் 320 நானோமீட்டருக்குக் குறைந்த ஒளி ஓசோனை உடைக்கிறது. அதில் கிளர்ந்த ஆக்சிஜன் அணு நீராவியோடு சேர்ந்து ஹைட்ராக்சிலைத் தருகிறது. அதிலிருந்து வரும் பெராக்சி ரேடிக்கல்களும் (சட்டென்று வினைபுரியும் துணுக்குகள்) ஓசோனைத் தின்னும். இரவில் இந்த அழிவு நின்றுவிடும், மேலிருந்து கலக்கும் காற்று குறையை நிரப்பும்.

ஆனால் ஏற்றஇறக்கம் ஒன்றிரண்டு பிபிபிதான் (நூறு கோடியில் ஒன்றிரண்டு பங்கு). ஒரு நாள் வரைபடத்தை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். காற்றுத் திசை 190 முதல் 280 டிகிரி வரை உள்ள மணிகளை மட்டும் எடுத்து, ஒரு மாதச் சராசரி போடுங்கள். வடக்கிலிருந்து வந்தால் மெல்பர்ன் புகையும் கூட வரும்.

ஈசூன்காரன்: நன்றி அண்ணே. அப்போ இங்கே கடற்கரையில் வைத்தால் அந்த இறக்கம் தெரியுமா?

கடற்காற்று: சிங்கப்பூரிலா! நீரிணையில் வரிசையாகக் கப்பல்கள். புகை வந்து மோதினால் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனை உடனே தின்றுவிடும், எண் சட்டென்று விழும். அதை ஒளிவேதியியல் என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

குழாய்மணி: இரண்டாவது தொல்லைக்கு நான் வருகிறேன். நம்ம ஊர்க் காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் நீராகக் கோக்கத் தொடங்கும் வெப்பநிலை, பெரும்பாலும் 23, 24 டிகிரி. 22 டிகிரி அறைக்குள் குழாய் நுழைந்ததும் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். கருவி ஒருமுறை நேரடிக் காற்றையும், அடுத்த முறை ஓசோன் நீக்கிய காற்றையும் அளந்து வித்தியாசம் பார்க்கிறது. ஓசோனை நீக்கும் பகுதி ஈரத்தை உறிஞ்சியும் விட்டும் கொண்டிருந்தால் அந்த வித்தியாசமே கெட்டுப்போகும். குழாயைச் சூடேற்றும் நாடா சுற்றி வெளிவெப்பத்தைவிட ஐந்து டிகிரி கூட வையுங்கள். முடிந்தால் நாஃபியான் உலர்த்தியும் சேருங்கள். அப்புறம் பூஜ்யக் காற்று (ஓசோன் இல்லாத காற்று) விட்டுப் பாருங்கள்.

ஈசூன்காரன்: வளைவில் துளிகள் நின்றன, அண்ணே! ஏர்கானை 27க்கு ஏற்றியதுமே குதிப்பு அடங்கிவிட்டது. நாடா வாங்கக் கிளம்பிவிட்டேன். கேப் கிரிமில் அந்த இறக்கம் கருவிச் சூட்டால் வருவதில்லை என்று எப்படி நம்பினார்கள்?

கடற்காற்று: பெராக்சைடையும் கூடவே அளந்தார்கள். ஓசோன் இறங்கும் நேரத்தில் அது ஏறியது. பெராக்சி ரேடிக்கல்கள் ஒன்றோடொன்று சேர்ந்தால் கிடைப்பது அதுதானே.