புதுப்பிப்பு: லேவியராகமத்தில் நின்றுபோன வேத வாசிப்பு

பைபிளை முதல் புத்தகமான ஆதியாகமத்தில் தொடங்கினால் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தோடு வாசிப்பு நின்றுவிடுகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். வரிசையை விட்டுவிட்டு பைபிளிலுள்ள நெகேமியா புத்தகத்துக்குப் போகச் சொன்னார் ஒரு அண்ணன். சரி என்று தொடங்கினேன். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில்தான் தினமும் வாசிப்பு.

8-ஆம் அதிகாரம் என்னை நின்று யோசிக்க வைத்தது. ஆசாரியரான எஸ்றா காலையிலிருந்து நடுப்பகல் வரை நியாயப்பிரமாணத்தை (மோசேயின் சட்டப் புத்தகத்தை) ஜனங்களுக்கு வாசிக்கிறார். ஜனங்கள் கேட்டு அழுகிறார்கள். அழ வேண்டாம், போய் நன்றாகச் சாப்பிடுங்கள், இல்லாதவர்களுக்கும் கொடுத்தனுப்புங்கள் என்று எஸ்றாவும் மற்ற தலைவர்களும் சொல்லி அனுப்புகிறார்கள். உபவாசம், இரட்டு (துக்கத்துக்கு உடுத்தும் முரட்டுத் துணி), பாவ அறிக்கை எல்லாம் 9-ஆம் அதிகாரத்தில், அதே மாதம் 24-ஆம் தேதிதான். முதலில் தேற்றல், அப்புறம் அறிக்கை. இந்த வரிசை எனக்குப் பெரிய தைரியம்.

அடுத்து 51-ஆம் சங்கீதம், தீர்க்கதரிசி நாத்தான் வந்து பாவத்தைக் கண்டித்தபின் தாவீது ராஜா பாடியது. சேர்ந்து வாசிக்க விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள்.