சொந்த அணியைப் பார்த்து ஊளையிடலாமா? சுங்கை சிப்புட் திடல்காரர்களின் வாக்குவாதம்

செம்பனைக்காட்டான்:
சொந்த அணியைப் பார்த்து ஊளையிடுகிறவன் பெற்ற தாயை நடுத்தெருவில் ஏசுகிறவனுக்குச் சமம் என்று நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் நேற்று எழுதியிருக்கிறார். அதற்கு ஆளாளுக்குக் கைதட்டல் வேறு. படித்ததிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. 2015 செப்டம்பர் 3ஆம் தேதி அபுதாபியில் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் நம் மலேசியத் தேசியக் கால்பந்து அணி 10-0 என்று தோற்றதே, அன்று தாயை ஏசியது யார்? திடலில் நின்ற பதினொரு பேரா, வீட்டில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த நாமா? ஐந்து நாள் கழித்து ஷா ஆலம் அரங்கில் சவூதி அரேபியாவுடன் நடந்த ஆட்டத்துக்கு நான் சொந்தக் காசில் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனேன், தொண்டை கட்டும்வரை ஊளையிட்டேன், இன்னொரு முறை அப்படித் தோற்றால் மறுபடியும் போய் ஊளையிடுவேன்.

பழைய கோல்காவலர்:
அந்தப் பெரியவர் நான்தான், தம்பி. பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம், நான் ஒன்றும் ஓடி ஒளிகிறவன் அல்லன். அன்று ஷா ஆலமில் நடந்ததை முழுதாகச் சொல்லாமல் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். நம் அணி 1-2 என்று பின்தங்கியிருந்தபோது நம் ரசிகர்களே புகைக்குண்டுகளையும் தீப்பந்தங்களையும் திடலுக்குள் எறிந்தார்கள். முடியச் சில நிமிடங்களே இருந்த ஆட்டம் நின்றுபோய், பிறகு உலகக் கால்பந்துச் சம்மேளனமான பிஃபா அதைச் சவூதிக்கு 3-0 வெற்றியாக எழுதிக்கொடுத்தது. ஊளை எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? அது கிடக்கட்டும். அந்த ஆட்டம் நடந்தது செவ்வாய்க்கிழமை இரவு. புதன்கிழமை விடியற்காலை, தோட்டத்து வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், கிராணி என்கிற தோட்டத்துக் கணக்கர் பெயர் கூப்பிட்டபோது, நீங்கள் முன்வரிசையில் நின்று கொட்டாவி விட்டதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ஷா ஆலம் போனவர் அந்நேரத்துக்கு எப்படித் தோட்டத்தில் நின்றார்? அந்த டிக்கெட் எங்கே?

செம்பனைக்காட்டான்:
கொட்டாவி விட்டதைப் பார்த்தவருக்கு ஏன் விட்டேன் என்பது புரியவில்லையா, அண்ணே? வாடகைப் பேருந்து நெடுஞ்சாலையில் நேராக வந்து பொழுது விடிவதற்கு முன்பே எங்களைத் தோட்டத்து முச்சந்தியில் இறக்கிவிட்டது. நான் குளிக்கக்கூட நேரமில்லாமல் பெரட்டுக்கு வந்தேன். ஊளையிட்டவன் வேறு, புகைக்குண்டு எறிந்தவன் வேறு. நான் வாயைத் திறந்தேனே தவிரக் கையை ஓங்கவில்லை.

காசு கொடுத்தவனுக்குக் கேட்க உரிமை உண்டு என்பதற்கு நம் நாட்டை விட்டே உதாரணம் சொல்கிறேன். 2010 உலகக் கிண்ணத்தில், கேப் டவுனில், அல்ஜீரியாவுடன் இங்கிலாந்து 0-0 என்று சமநிலை கண்டபோது, அவ்வளவு தூரம் பறந்து வந்த இங்கிலாந்து ரசிகர்கள் தங்கள் அணியைப் பார்த்தே ஊளையிட்டார்கள். வேய்ன் ரூனி தொலைக்காட்சிக் கேமராவைப் பார்த்து, சொந்த ரசிகர்களே ஊளையிடுவதைப் பார்க்க எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நக்கலடித்துவிட்டுப் போனார். மறுநாள் மன்னிப்புக் கேட்டது யார்? ரூனிதான், ரசிகர்கள் அல்லர். நம் தேசியப் பயிற்றுநர் டோலா சாலே பதவி விலகியதும் 10-0க்குப் பிறகுதான். நாமெல்லாம் அன்று பூமாலை போட்டிருந்தால் விலகியிருப்பாரா?

ஈப்போ ரோட்டுக்காரி:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். டோலா சாலே விலகியது சவூதி ஆட்டத்துக்கு முன்பு. அந்த இரவில் பயிற்றுநராக நின்றவர் ஓங் கிம் சுவீ. ஆகவே, செம்பனை அண்ணன் தொண்டை கட்ட ஊளையிட்டது, தோல்விக்குச் சம்பந்தமே இல்லாமல் இடையில் வந்து பொறுப்பேற்ற ஒரு மனிதரைப் பார்த்துத்தான். ஊளையில் இதுதான் எனக்குப் பிடிக்காதது, அது யார்மேல் விழவேண்டுமோ அவர்மேல் விழுவதே இல்லை. 2019 அக்டோபரில் கிரிஸ்டல் பேலசுடன் 2-0 என்று முந்திய இங்கிலாந்துக் கிளப் ஆர்சனல் 2-2 என்று ஆனபோது, அணித்தலைவர் கிரானிட் ஷாக்கா வெளியே அழைக்கப்பட்டதும் சொந்த அரங்கமே அவரை ஊளையிட்டு அனுப்பியது. அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே உள்ளே போனார், தலைவர் பதவியும் பறிபோனது. பிறகு பயிற்றுநராக வந்த ஆர்தேத்தா, போகாதே என்று பேசி நிறுத்திவைத்ததால்தான் 2023 வரை இருந்தார். அதே ரசிகர்கள் கடைசியில் அவர் பெயரைப் பாடி வழியனுப்பினார்கள்.

செம்பனைக்காட்டான்:
அப்படியென்றால் ஊளை அவரைத் திருத்தியிருக்கிறது என்றுதானே பொருள், தங்கச்சி? நான் சொல்ல வந்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள், நன்றி.

ஈப்போ ரோட்டுக்காரி:
நான் சொன்னதில் எந்த வரியில் அப்படி இருக்கிறது என்று காட்டினால் நன்றாக இருக்கும்.

பழைய கோல்காவலர்:
வரியைப் பிறகு காட்டட்டும், முதலில் டிக்கெட்டைக் காட்டட்டும். காசு கொடுத்தவனுக்கு உரிமை என்ற ஒரே காலில்தான் தம்பியின் வழக்கு நிற்கிறது. பேருந்து கதையை நான் கேட்கவில்லை. டிக்கெட் எங்கே?

லயத்து வீட்டான்:
டிக்கெட் டிக்கெட் என்று இரண்டு பேரும் அடித்துக்கொள்கிறீர்கள். நம் பேராக் மாநில அணியின் கதையை மறந்துவிட்டீர்களா? 2018இல் மலேசியக் கிண்ணத்தை வென்ற அணி, 2021இல் நாட்டின் முதல்நிலைப் போட்டியான சூப்பர் லீக்கிலிருந்தே கீழே இறங்கியது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பள பாக்கி என்று நாளிதழ்களில் செய்தி வந்துகொண்டிருந்த காலம் அது. சம்பளம் வராமல் ஓடுகிறவனைப் பார்த்து ஊளையிடுவதற்குச் சம்பள நாள் தள்ளிப்போனால் என்ன பாடு என்று தெரிந்த தோட்டத்துப் பிள்ளைக்கு எப்படி மனம் வரும் என்பதுதான் என் கேள்வி. அதுவுமில்லாமல், நம் தோட்டத்துத் திடலில் என்றைக்கு டிக்கெட் விற்றார்கள்? செம்பனை அண்ணன் கணக்குப்படி, அங்கே ஊளையிட ஒருவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அங்கே விழுந்த ஊளைபோல் நான் வேறெங்கும் கேட்டதில்லை.

பழைய கோல்காவலர்:
லயத்து வீட்டுத் தம்பி வாயைக் கிளறிவிட்டதால் சொல்கிறேன். தோட்டங்களுக்கிடையிலான கிண்ணத்தின் இறுதி ஆட்டத்தில், மழை ஈரத்தில் பந்து என் கைக்குள் வந்து வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அப்போது கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் ரப்பர்ப் பால்வாளியைக் கவிழ்த்துப்போட்டுத் தட்டித் தட்டி ஊளையைத் தொடங்கிவைத்தான். எதிரணிக்காரன் கூட வாயைத் திறக்கவில்லை, என் தோட்டத்து ஆட்களே கூவினார்கள். அந்தப் பையன் இன்று செம்பனைக்காட்டான் என்ற பெயரில் ரசிகர் உரிமையைப் பற்றி எனக்குப் பாடம் நடத்துகிறார். 1980இல் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் தென்கொரியாவை 2-1 என்று வென்ற நம் தேசிய அணிக்குக் கோல் காத்த ஆர். ஆறுமுகத்தைப் பார்த்துக் கையுறை மாட்டிய தலைமுறை நாங்கள். கோல் கம்பத்துக்கு நடுவே நிற்பவனுக்குப் பின்னாலிருந்து கேட்கும் சத்தம் எப்படி இருக்கும் என்பது பேருந்தில் போய் வந்தவர்களுக்குத் தெரியாது.

செம்பனைக்காட்டான்:
இப்போதுதான் உண்மை வெளியே வந்தது. அண்ணன் ஷா ஆலமைப் பற்றிப் பேசவே இல்லை, இத்தனை நேரமும் பால்வாளியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்! முதலில், அந்த வாளியைத் தட்டியது என் அண்ணன், நான் பக்கத்தில் நின்றேன். இரண்டாவது, அந்தப் பந்து நனைந்த பந்தே அல்ல, மழை இரண்டாம் பாதியில்தான் பிடித்தது, கோல் விழுந்தது முதல் பாதியில். மூன்றாவது, எங்களுக்கு டிக்கெட் இல்லை என்றாலும், அணிச் சட்டைக்காக வீடுவீடாக உண்டியல் வந்தபோது என் அம்மா வெட்டுக்கூலியிலிருந்து எடுத்துப் போட்டார். காசு போட்ட வீட்டுப் பிள்ளை கூவினான். இதில் என்ன தப்பு? ஆறுமுகத்தின் பெயரை இதற்குள் இழுக்காதீர்கள், அவர் கையில் விழுந்த பந்து வழுக்கியதாக எனக்கு நினைவில்லை.

ஈப்போ ரோட்டுக்காரி:
சற்று முன்பு தட்டிய வாளி இப்போது அண்ணனுடையதாகிவிட்டது. அந்த டிக்கெட்டும் அண்ணன் பெயரில்தான் இருக்குமோ?

லயத்து வீட்டான்:
உண்டியல் பேச்சு வந்ததால் ஒன்று கேட்டுவிடுகிறேன். அந்த ஆண்டு பொருளாளர் நம் கோல்காவலர் அண்ணன்தான். சட்டை வந்தது, லாரி வாடகை கொடுக்கப்பட்டது, மீதிக் காசு எங்கே போனது என்று இன்றுவரை எந்தக் கூட்டத்திலும் ஒருவரும் சொல்லவில்லை.

பழைய கோல்காவலர்:
கணக்குப் புத்தகம் கோயில் அலமாரியில் இருக்கிறது. திருவிழாக் குழுவினரிடம் சாவி இருக்கிறது, வேண்டுமானால் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வியை இத்தனை வருடம் கேட்காமல் இன்று கேட்பதன் நோக்கம் எனக்குத் தெரியும். மழை முதல் பாதியிலேயே பிடித்துவிட்டது. அதற்கு ஊரே சாட்சி.

செம்பனைக்காட்டான்:
ஊர் சாட்சி சொல்லட்டும், நான் காத்திருக்கிறேன். என் டிக்கெட் தம்பி வீட்டுப் பெட்டியில் இருக்கிறது, கிழிபட்ட பாதிதான் என்றாலும் தேதி தெளிவாகத் தெரியும். கோயில் அலமாரியிலிருந்து கணக்குப் புத்தகம் வெளியே வருகிற அன்று அதைப் படம் பிடித்து இங்கேயே போடுகிறேன். அதுவரை, 10-0 என்று தோற்கிறவனைப் பார்த்து நான் ஊளையிடுவேன்.

பழைய கோல்காவலர்:
தம்பி வீட்டுப் பெட்டியாம். முதலில் டிக்கெட், பிறகு புத்தகம்.