சதாம் ஹுசைன், ஜெருசலேம் ஹுசைனி எல்லாம் ஒரே குடும்பமா?

கேள்வி: பாலஸ்தீன வரலாறு படிச்சிட்டு இருக்கேன், பக்கத்துக்குப் பக்கம் ஹுசைனின்னே வருது, தலையே சுத்துது. இவங்க சதாமுக்கு, ஜோர்டான் மன்னர் ஹுசைனுக்கு எல்லாம் சொந்தக்காரங்களா?

பதில் 1: இல்லங்க. சதாமுக்கு ஹுசைன்ங்கறது அப்பா பேரு, நம்ம இனிஷியல் மாதிரி. ஜோர்டான் மன்னருக்கு அது அவரோட சொந்தப் பேரு, குடும்பம் ஹாஷிம் வம்சம். அல்-ஹுசைனிதான் நிஜமான குடும்பப் பேரு, நபியோட பேரன் ஹுசைன் வழி வந்தவங்கன்னு சொல்லிக்கறாங்க.

பதில் 2: ஒட்டோமான் காலத்துலயே ஜெருசலேம்ல முஃப்தி (இஸ்லாமிய சட்டத்துக்குத் தீர்ப்பு சொல்ற மதத் தலைவர்), மேயர்னு பெரிய பதவியெல்லாம் பாத்த குடும்பம் அது. 1920ல பிரிட்டிஷ்காரன் மூசா காசிம் ஹுசைனிய மேயர் பதவிலேர்ந்து தூக்கிட்டு போட்டிக் குடும்பத்து ராகிப் நஷாஷிபிய உக்கார வச்சான், மறுவருஷமே அமீன் ஹுசைனிய முஃப்தி ஆக்கி இவங்களையும் சமாதானப்படுத்தினான், ரெண்டு வீட்டுப் பகைல குளிர் காஞ்சது யாருன்னு நான் சொல்லணுமா என்ன.

பதில் 3: மூசா காசிம் மகன் அப்துல் காதிர் 1948 ஏப்ரல் 8 அன்னிக்கு ஜெருசலேம் பக்கத்துல நடந்த கஸ்தல் சண்டைல செத்தாரு. அவர் மகன் ஃபைசல் ஜெருசலேம்ல ஓரியண்ட் ஹவுஸ்ங்கற வீட்லேர்ந்து அரசியல் பண்ணாரு, 2001ல காலமானாரு. அந்த வீடே 1897ல அவங்க குடும்பத்துல ஒருத்தர் கட்டினதுதான்.

கேள்வி கேட்டவர்: அட, இப்பதான் புரியுது. நஷாஷிபி பத்தி தனியா ஒரு த்ரெட் போடறேன் இருங்க.