கணக்குப்படி உறிஞ்ச வேண்டிய வென்சுரி, டிரம்முக்குள் தண்ணீரைத் தள்ளுவது ஏன்?

கேள்வி:
சொட்டுநீர் மெயின் குழாயில், கேட் வால்வுக்கு இணையாக முக்கால் இஞ்ச் வென்சுரி (நடுவில் குறுகும் குழாய்; அந்தக் கழுத்தில் அழுத்தம் இறங்கி, டிரம்மிலுள்ள உரக்கரைசலை உறிஞ்ச வேண்டும்). நுழைவில் உள்விட்டம் 20 மி.மீ., கழுத்தில் 6 மி.மீ., நுழைவு கேஜ் 1.5 பார். அட்டையில் விநாடிக்கு 0.55 லிட்டர் என்றிருக்கிறது. அப்படியானால் வேகம் நுழைவில் 1.75 மீ/வி, கழுத்தில் 19.5 மீ/வி. பெர்னூலி விதிப்படி (வேகம் கூடினால் அழுத்தம் குறையும்) அழுத்தம் 1.88 பார் குறைந்து, கழுத்தில் −0.38 பார், அதாவது வெளிக்காற்றைவிடக் குறைவாக, வருகிறது. ஆனால் உரம் ஏறவில்லை, தண்ணீர்தான் டிரம்முக்குள் வருகிறது. பிழை எங்கே?

பதில் 1:
பெர்னூலியில் பிழையில்லை. 0.55 லிட்டர் என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை. வென்சுரிக்குள் எவ்வளவு தண்ணீர் போகும் என்பதை அதன் இரு முனைகளின் அழுத்த வித்தியாசம்தான் முடிவு செய்யும். வெளிவாயில் கேஜ் என்ன காட்டுகிறது? கேட் வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது?

கேட்டவர்:
வால்வு முழுக்கத் திறப்பு. வெளிவாயில் 1.4 பார்.

பதில் 1:
அதுதான் காரணம். கழுத்தின் இயக்க அழுத்தத்தில் (அடர்த்தி × வேக வர்க்கம் ÷ 2) சுமார் 30% விரியும் பகுதியில் சுழலாகித் தொலைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தயாரிப்புக்குத் தயாரிப்பு இது மாறும். வித்தியாசம் 0.1 பார் என்றால் இயக்க அழுத்தம் 0.33 பார், வேகம் 8.2 மீ/வி, ஓட்டம் 0.23 லிட்டர்தான். கழுத்தில் +1.17 பார் நிற்கிறது. தண்ணீர் டிரம்முக்குப் போகாமல் என்ன செய்யும்?

வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, வித்தியாசத்தை 0.5 பாருக்குக் கொண்டுவாருங்கள். இயக்க அழுத்தம் 1.67 பார், கழுத்தில் −0.15 பார். டிரம்மில் நீர்மட்டம் கழுத்துக்கு அரை மீட்டர் கீழே இருந்தால் அதிலேயே 0.05 போய்விடும், மீதிதான் உரத்தை இழுக்கும். ஆகவே டிரம்மை மேலே வையுங்கள்.

பதில் 2:
ஒரு எச்சரிக்கை. வால்வை மூடும்போது வெளிவாயில் 1.0 பாருக்கு இறங்கும். வழக்கமான டிரிப்பர்களுக்குக் (சொட்டுவான்கள்) கேட்கும் அழுத்தமே 1 பார். பில்டரும் சப்மெயினும் இன்னும் கொஞ்சம் தின்றுவிடும். கடைசி லேட்டரல் (டிரிப்பர் பொருத்திய கிளைக்குழாய்) நுனியில் அளந்து பாருங்கள். குறைந்தால் நுழைவு அழுத்தத்தைத்தான் கூட்ட வேண்டும்: 2 பார் நுழைவு, 1.3 பார் வெளிவாய் என்றால் கழுத்தில் சுமார் −0.31.

அளக்கும்போது ஒரே கேஜைக் கழற்றி இரு இடத்திலும் மாட்டுங்கள். இரண்டு மலிவு கேஜுக்கு நடுவே 0.1 பார் வேறுபாடு சகஜம். இங்கே அதுவே முடிவை மாற்றிவிடும்.

கேட்டவர்:
வித்தியாசம் 0.5 வந்ததும் இழுக்கிறது. இன்னும் மூடினால் இன்னும் இழுக்குமா?

பதில் 1:
ஓரளவுதான். கழுத்து −1 பாரை (முழு வெற்றிடம்) தாண்டி இறங்க முடியாது. அதை நெருங்கும்போதே தண்ணீர் ஆவியாகிக் குமிழி கட்டும். குழாய்க்குள் ஜல்லி உருள்வதுபோல் சத்தம் கேட்டால் வால்வைச் சற்றுத் திறந்துவிடுங்கள். மோட்டாருக்கும் வென்சுரிக்கும் நடுவே மெயின் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு (ஒரே திசையில் மட்டும் ஓட விடும் வால்வு) கட்டாயம் இருக்கட்டும். மோட்டார் நின்றதும் டிரம் உரம் கிணற்றுக்குத் திரும்பக் கூடாது.