புயல் டேட்டா பத்தி தெரிஞ்சவங்க கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க

ஃப்ரெண்ட்ஸ், வங்கக்கடல் புயல் எவ்ளோ வலுவாகும்னு கணிக்கிற சின்ன மாடல் ஒண்ணு காலேஜ் ப்ராஜெக்டுக்கு பண்றேன், டேட்டா ஐபிட்ராக்ஸ்ங்கிற உலகப் புயல் பதிவுத் தொகுப்புல இருந்து எடுத்தது. ஒரே புயலுக்கு நம்ம வானிலைத்துறை ஒரு காத்து வேகம் போட்டிருக்கு, அமெரிக்காவோட புயல் எச்சரிக்கை மையம் ஜேடிடபிள்யூசி வேற போட்டிருக்கு, ஏன்னா இவங்க எடுக்கறது 3 நிமிஷ சராசரி, அவங்க 1 நிமிஷம். ஒரு நம்பரால பெருக்கி சரிபண்ணிடலாமா, இல்ல ஒண்ணை மட்டும் வச்சுக்கணுமா?

அட்லாண்டிக்ல விமானத்தை புயலுக்குள்ளயே ஓட்டி கருவி போட்டு அளக்குறாங்க, நம்ம பக்கம் அது வழக்கமா கிடையாது, பெரும்பாலும் சாட்டிலைட்ல மேகத்தோட வடிவத்தைப் பாத்து ட்வோராக் முறையில போடுற மதிப்புதான். 2024 ஃபெஞ்சல் ஞாபகம் இருக்கா, புயலாகாமலே கரையேறும்னாங்க, அப்புறம் புயல்னாங்க, அது புதுச்சேரி கிட்ட நகராம நின்னுட்டு ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சு. ஆரம்ப டேட்டாவே தோராயம்னா மாடல்தான் பாவம் என்ன பண்ணும்.

சாட்டிலைட்டுக்கு முந்தின பழைய புயல்களை தூக்கிடலாமா, அதுல நிறைய இடத்துல காத்து வேகமே காலியா கிடக்கு. அப்புறம் கடல்ல மிதக்கவிட்டு அளக்குற கருவியான மிதவையோட டேட்டா யாராவது யூஸ் பண்ணியிருந்தா எப்படி வாங்குனீங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க ப்ளீஸ்.