புதுப்பிப்பு: ஈவோ டென் ஒருவழியாகக் கைமாறியது

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், என் வீட்டு வாசலில் நின்ற மிட்சுபிஷி லான்சர் ஈவோ டென் காரை வாங்க ஆளில்லை என்று இங்கே புலம்பியிருந்தேன். பெரிய டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி), மாற்றிய எக்ஸாஸ்ட், ட்யூன் செய்த ஈசியூ (இன்ஜினை இயக்கும் கணினி) என்று கேட்டதுமே பலர் நழுவினார்கள். "கழற்றிப் பழையபடி ஆக்கி விற்றுவிடுங்க" என்றீர்கள். சரி என்று இறங்கினேன்.

கழற்றும்போதுதான் உப்புக்காற்றின் வேலை தெரிந்தது. பானெட்டும் கூரையும் அலுமினியம், பெயிண்டும் இருந்ததால் தப்பித்தன. டர்போ அனுப்பும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் அலுமினியத் தகடுகளிலோ வெள்ளைப் பொடி பூத்திருந்தது. இரும்பு போல்ட் அலுமினியத்தில் உப்பு ஈரத்தோடு உட்கார்ந்தால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும், போல்ட்டும் இறுகிவிடும். இரண்டை அறுத்தே எடுத்தோம். தனுஷ்கோடி போய்வந்து அடியைக் கழுவாமல் விட்ட சோம்பலுக்குக் கூலி.

வாங்கியவர் கோயம்புத்தூர்க்காரர். "பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) எவ்வளவு?" என்று கேட்காமல், சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்து இன்ஜின் நலம் பார்க்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் கேட்ட முதல் ஆள். நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டியதும் பேரம் பத்து நிமிடத்தில் முடிந்தது.

மாற்றங்களுக்குப் போட்ட பணம்? கடலில் கரைத்த பெருங்காயம்தான். ஆனால் தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றக் கூடாது என்ற 2019 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம், அப்படி மாற்றிய வண்டியை விற்று வம்பில் மாட்ட எனக்குத் துணிச்சல் இல்லை. வண்டியைப் பெயர் மாற்றுவதற்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து ஆகிவிட்டது.

பெரிய டர்போ மட்டும் இன்னும் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அன்றைக்கு விலை கேட்ட கீழக்கரை அண்ணன், இன்னும் வேண்டுமென்றால் சொல்லுங்க.