செபஸ்தியான் பாட்டா குடும்பம் (வாட்ஸ்அப் குழு)

*வியாழக்கிழமை*

ஸ்டெல்லா, காலை 6:52
எல்லாரும் எழுந்தாச்சா? நேற்று ராத்திரி லில்லி அக்கா வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்களாம். அக்கா மகன் சுஜினை இடித்த அந்த டாரஸ் லாரியின் முதலாளி அனுப்பிய ஆட்கள். மூன்று லட்சம் தருகிறோம், பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்றார்களாம். இன்று சாயங்காலம் திரும்ப வருவார்கள்.

அஜின், 6:53
மூன்று லட்சமா?

ஜெனி (குவைத்), 6:53
மாமி போட்டாச்சா?

ஸ்டெல்லா, 6:55
இல்லை. கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியாது, நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள்.

அஜின், 6:55
பெரியம்மா 🙏

தேவசகாயம், 7:08
யாரும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். முத்திரைத் தாளோ வெள்ளைத் தாளோ, வேண்டாம். சுஜின் போய் முப்பதாம் நாள் பூசைகூட ஆகவில்லை, அதற்குள் பத்திரத்தோடு வந்துவிட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 164-வது பிரிவில், யார் மேல் தப்பு என்றே கேட்காமல் மரணத்துக்கு 5 லட்சம் உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் இதுதான் நடைமுறை. தப்பு லாரிக்காரன் மேல் என்று நிரூபித்தால் 166-வது பிரிவில் அதைவிடப் பல மடங்கு வரும். அதற்குத்தான் எம்சிஓபி, அதாவது விபத்து இழப்பீட்டுக் கேஸ் போடுவது. விபத்து நடந்த இடத்திலும் போடலாம், நாம் இருக்கும் இடத்திலும் போடலாம். லாரி கேரளா ரிஜிஸ்ட்ரேஷன் என்பதற்காக அங்கே அலைய வேண்டியதில்லை. அழகியமண்டபத்தில் நடந்தது, தக்கலையிலேயே போடலாம். விபத்து நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

ஜெனி, 7:10
அப்பா, கொஞ்சம் கொஞ்சமாக எழுதுங்கள்

ரெஜி, 7:31
கேஸ் போட்டால் பத்து வருடம் ஓடும். அம்மாவுக்கு 67 வயது. கையில் கிடைப்பதை வாங்கிவிடலாம் என்றுதான் நான் சொன்னேன்.

ஸ்டெல்லா, 7:32
நீ சொன்னாயா? யாரிடம்?

ரெஜி, 7:32
அவர்களிடம்தான். மெம்பரும் கூட இருந்தார்.

அஜின், 7:34
அண்ணன் அடக்கத்தன்று 25,000 வாங்கியதும் அவர்களிடம்தானே

ஸ்டெல்லா, 7:34
என்ன 25,000?

*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

ரெஜி, 7:39
ஆமாம், வாங்கினேன். பெட்டி, பந்தல், ஆம்புலன்ஸ், கல்லறைக் குழி எல்லாம் யார் கொடுத்தார்கள்? குழுவில் கைகூப்பிப் படம் போட்டீர்கள். பந்தல்காரர் என் வாசலில் நின்றார்.

ஜெனி, 7:41
அத்தான், அதை யாரும் குறை சொல்லவில்லை. ஏதாவது எழுதிக் கொடுத்தீர்களா?

ரெஜி, 7:44
ஒரு தாளில் கையெழுத்து. பணம் பெற்றுக்கொண்டேன் என்றுதான் இருந்தது.

தேவசகாயம், 7:52
ரெஜி மக்களே, பயப்படாதே. அடக்கச் செலவுக்குப் பெற்றேன் என்று இருந்தால் அது அந்தத் தொகைக்கான ரசீது மட்டும். "இனி எந்த உரிமையும் கோர மாட்டோம்" என்று எழுதியிருந்தால்கூட அது அம்மாவையும் சுஜின் மனைவி சுனிதாவையும் பிள்ளைகளையும் கட்டாது. நீ அவர்களுக்காகக் கையெழுத்துப் போட முடியாது. பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளுக்காகக் கேஸை ராஜியாக முடிப்பதென்றால் தாயாரே ஆனாலும் கோர்ட் அனுமதி வேண்டும். அந்தத் தாளை ஒரு போட்டோ எடுத்து எனக்குத் தனியாக அனுப்பு. இன்னொன்று, புகாரை வாபஸ் வாங்குகிறோம் என்று எழுதச் சொன்னால் எழுதாதே. கவனக்குறைவால் மரணம் என்பது பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 106-வது பிரிவு. அது அரசு நடத்தும் வழக்கு, நாம் ராஜி பேசி முடிக்கிற வகை இல்லை.

ஸ்டெல்லா, 7:55
முதலாளிக்கு ஏன் இவ்வளவு அவசரம்? இன்சூரன்ஸ்தானே கொடுக்கப் போகிறது?

அஜின், 7:58
எம்பரிவாகன் ஆப்பில் லாரி நம்பர் போட்டுப் பார்த்தேன். இன்சூரன்ஸ் இருக்கிறது. எஃப்சி, வண்டியின் தகுதிச் சான்று, முடிந்து போயிருக்கிறது.

தேவசகாயம், 8:01
அதுதான். எஃப்சி இல்லாத வண்டி என்று இன்சூரன்ஸ் கம்பெனி வாதாடும். அப்படி வரும்போது பெரும்பாலும் கோர்ட், கம்பெனி முதலில் நமக்குக் கொடுக்கட்டும், பிறகு முதலாளியிடம் வசூலிக்கட்டும் என்று சொல்லிவிடும். முதலாளி பதறுவது அதற்குத்தான். அஜின், அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. இன்றைக்கே.

அஜின், 8:01
எடுத்தாச்சு

ஜெனி, 8:15
*பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது*
"அனைவருக்கும் பகிரவும்! மூன்று ஆண்டு வருமான வரி கணக்கு தாக்கல் செய்தவர் விபத்தில் இறந்தால் சராசரி வருமானத்தின் பத்து மடங்கை அரசு குடும்பத்துக்குத் தர வேண்டும்!"
இது உண்மையா அப்பா? சுஜின் அத்தான் கணக்கு போட்டிருந்தாரா?

தேவசகாயம், 8:24
பொய். அரசு அப்படி எதுவும் தருவதில்லை. இழப்பீட்டைத் தீர்ப்பாயம் முடிவு செய்கிறது, இன்சூரன்ஸ் கொடுக்கிறது. வரிக் கணக்கு இருந்தால் வருமானத்துக்கு நல்ல சாட்சி, அவ்வளவுதான். அது இல்லாத கொத்தனார், பிளம்பர், ரப்பர் பால் வெட்டுகிறவர் குடும்பமெல்லாம் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நான் கோர்ட் சர்வீஸில் இருந்தபோது எத்தனையோ கேஸ் கட்டு பார்த்திருக்கிறேன். வருமானத்தைக் காட்டத் தாள் இல்லாத வீட்டுக்குத் தொகை பாதியாகக் குறையும். அதுதான் எனக்குக் கவலை.

ஸ்டெல்லா, 8:26
முப்பதாம் நாளுக்குப் பந்தி வைப்பதா, சாயாவும் பலகாரமும் போதுமா? கோயில்பிள்ளை கேட்டார்.

ரெஜி, 8:27
சாயா போதும்

ஸ்டெல்லா, 8:27
சுஜின் கூட்டுக்காரர்களெல்லாம் களியக்காவிளையிலிருந்து வருவார்கள். சாயா மட்டும் எப்படி?

அஜின், 8:28
மரச்சீனியும் மீன்கறியும் வைக்கலாம். அண்ணனுக்குப் பிடிக்கும்.

ஜெனி, 8:30
😢

லில்லி, 8:41
🎤 குரல் பதிவு 2:10

ஜெனி, 8:45
மாமி அழுவதால் பாதி புரியவில்லை. "எனக்கு ஒன்றும் வேண்டாம், பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்" என்றுதான் கேட்கிறார்கள்.

தேவசகாயம், 9:03
அக்கா, கேள். நான் போடுவது தோராயக் கணக்கு, நம்புவதற்காக இல்லை, புரிவதற்காக. சுஜினுக்கு 38 வயது. மாதம் 20,000 சம்பாதித்தான் என்று காட்டினோம் என்று வை. சொந்தத் தொழில், 40 வயதுக்குக் கீழ், ஆகவே வருங்கால உயர்வு என்று 40 சதவீதம் கூட்டுவார்கள். 28,000 ஆகிறது. உயிரோடு இருந்தால் தனக்கென்று செலவழித்திருப்பான் என்று ஒரு பங்கு கழிப்பார்கள். நம்பி இருப்பவர்கள் நாலு பேர் என்றால் நாலில் ஒன்று. மீதி 21,000. வருடத்துக்கு 2,52,000. அவன் வயதுக்குப் பெருக்கல் எண் 15. மொத்தம் 37,80,000. இதற்கு மேல் அடக்கச் செலவு, கணவன், தகப்பன், மகன் இழப்பு என்று தனித்தனியாக உண்டு. 2009 சரளா வர்மா தீர்ப்பும் 2017 பிரணய் சேத்தி தீர்ப்பும்தான் இதற்கு அடிப்படை. வருமானத்தை நிரூபிக்க முடியாமல் கோர்ட் 12,000 என்று எடுத்தாலும் 22,68,000 வரும். அவர்கள் கொண்டு வந்தது மூன்று லட்சம்!

அஜின், 9:04
😳

ஸ்டெல்லா, 9:04
மாதாவே

ரெஜி, 9:10
நாலு பேர் யார்?

தேவசகாயம், 9:10
அம்மா, சுனிதா, ஆன்சி, ஜோயல்.

ரெஜி, 9:14
எட்டு மாதமாகக் கருங்கலில் தாய்வீட்டில் இருந்தவள். விவாகரத்துக்கும் கொடுத்தாள். அவளுக்கு என்ன பங்கு?

ஸ்டெல்லா, 9:15
ரெஜி, சுனிதா இந்தக் குழுவில் இருக்கிறாள்.

ரெஜி, 9:15
இருக்கட்டும்

தேவசகாயம், 9:29
கோபத்தை விட்டுவிட்டுக் கேள். விவாகரத்துக்குக் கொடுத்தது மனுதான், தீர்ப்பு வரவில்லை. ஒருவர் இறந்ததும் அந்த வழக்கு அதோடு முடிந்தது. சட்டத்தின் கண்ணில் அவள் சுஜினின் விதவை. பிரிந்து இருந்தாள் என்பதற்காக மனுவில் பேர் போடாமல் விட முடியாது. பிள்ளைகளுக்கும் அவள்தான் காப்பாளராகக் கையெழுத்துப் போட வேண்டும். நீயே கணக்குப் பார். நம்பி இருப்பவர்கள் மூன்று பேர் என்றால் மூன்றில் ஒன்று கழிப்பார்கள். 37,80,000 என்பது 33,60,000 ஆகிவிடும். அவளைத் தள்ளினால் 4,20,000 இன்சூரன்ஸ்காரனுக்குத்தான் மிச்சம். அந்தத் தொகையில் அம்மாவுக்கோ பிள்ளைகளுக்கோ ஒரு ரூபாய்கூட வராது. இரண்டு வீடும் தனித்தனி வக்கீல் வைத்து, இவள் மனைவியே இல்லை, அவள் தாயைப் பார்க்கவே இல்லை என்று எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலையே இல்லை. அப்படிக் குடும்பமே உடைந்து நின்ற கட்டுகளையும் பார்த்திருக்கிறேன். ஒரே மனு, நாலு பேர், ஒரே வக்கீல். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

அஜின், 9:31
ரெஜி அண்ணனுக்கு?

தேவசகாயம், 9:32
உடன்பிறந்தவன், தனியாகச் சம்பாதிக்கிறான். பங்கு இல்லை.

ரெஜி, 9:32
நான் கேட்கவும் இல்லை

ஸ்டெல்லா, 9:40
அண்ணா, லில்லி அக்கா இருக்கிற வீடு யாருக்கு?

தேவசகாயம், 9:47
வீடு அக்கா பேரில். அதில் யாரும் கை வைக்க முடியாது. சுஜின் பேரில் இருப்பது மட்டும்தான் வாரிசுக்கு. நாம் கிறிஸ்தவர்கள், 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம். மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்குச் சொத்தில் பங்கு வராது. இழப்பீடு வேறு, அங்கே நம்பி இருந்தவர் என்ற முறையில் தாய்க்கு உண்டு. முன்பு நம்முடைய பக்கம் திருவிதாங்கூராக இருந்தபோது 1916 சட்டம் ஒன்று இருந்தது. மகளுக்கு மகன் பங்கில் கால், இல்லையென்றால் 5,000, எது குறைவோ அது. 1986-ல் மேரி ராய் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அது செல்லாது, 1951-லிருந்தே இந்தியச் சட்டம்தான் என்று சொல்லிவிட்டது.

ஸ்டெல்லா, 9:49
1986-லா?

ஸ்டெல்லா, 9:50
அப்பா இறந்தது 1991. ஸ்திரீதனம் கொடுத்தாச்சு, இதோடு சரி என்று நீதானே சொன்னாய். கோர்ட்டில் வேலை பார்த்தவன். அப்பாவின் விளை நிலம் முழுவதும் உன் பேரில்.

அஜின், 9:50
அம்மா இங்கே வேண்டாம்

ஜெனி, 9:51
ஸ்டெல்லா மாமி, அதை நேரில் பேசுவோம், ப்ளீஸ்

தேவசகாயம், 9:58
ஸ்டெல்லா, அதைப் பேச நான் வீட்டுக்கு வருகிறேன். இன்று சுஜின் காரியம்.

ஸ்டெல்லா, 9:58
வா. பத்திரத்தையும் எடுத்து வா.

சுனிதா, 10:26
மாமா, நான் எல்லாம் வாசித்தேன். எஃப்ஐஆர் நகல் என்னிடம் இருக்கிறது, நான்தான் ஸ்டேஷனில் போய் வாங்கினேன். ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவருடைய கூலி நோட்டும் இங்கே இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்காரர் பேரும், எத்தனை நாள் வேலை, எவ்வளவு வாங்கினார், எவ்வளவு பாக்கி என்று அவர் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் பாறசாலை வீட்டில் பாத்ரூம் பைப் வேலை, மூன்று நாள், பாக்கி 1,400.

சுனிதா, 10:29
பிரிந்து இருந்தாலும் மாதம் 8,000 பிள்ளைகளுக்கு ஜிபேயில் போட்டுக்கொண்டுதான் இருந்தார். அது எல்லாம் போனில் இருக்கிறது. மாமிக்கும் மருந்து வாங்கிக் கொடுப்பார், அதையும் எழுதுங்கள்.

ஜெனி, 10:30
சுனிதா அக்கா ❤️

தேவசகாயம், 10:38
இதுதான் வேண்டும். நோட்டைப் பத்திரமாக வை மக்களே, யாரிடமும் அசலைக் கொடுக்காதே. ஜிபே பட்டியலை பேங்க் ஸ்டேட்மெண்டாக வாங்கிவிடு. நோட்டில் பேர் உள்ள வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் சாட்சி சொல்ல வந்தால் போதும், 20,000 என்பது நிற்கும். எஃப்ஐஆரில் விபத்து எப்படி நடந்தது என்று எழுதியிருக்கிறார்கள், அதை ஒரு வரி விடாமல் படி. பைக் ஓவர்டேக் செய்தது என்று எங்காவது இருக்கிறதா?

சுனிதா, 10:44
இல்லை. லாரி பின்னாலிருந்து இடித்தது என்றுதான் இருக்கிறது.

தேவசகாயம், 10:45
சரி. நல்லது.

அஜின், 11:02
சுஜின் அண்ணனின் பேங்க் பாஸ்புக் பெரியம்மா வீட்டில் இருந்தது. *படம்*. மே மாதம் 20 ரூபாய் பிடித்திருக்கிறார்கள், பிஎம்எஸ்பிஒய் என்று. அது என்ன?

தேவசகாயம், 11:06
ஆண்டவரே, நல்ல வேளை. பிரதமர் சுரக்ஷா பீமா. வருடத்துக்கு 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு 2 லட்சம். லாரி கேஸோடு சம்பந்தமே இல்லை, தனி. ஆனால் 30 நாளுக்குள் பேங்கில் தெரிவிக்க வேண்டும் என்று விதி. நாமினி யார்?

அஜின், 11:07
லில்லி என்று இருக்கிறது

ஸ்டெல்லா, 11:07
நாளைக்கே அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கள்

தேவசகாயம், 11:15
நாளை காலை 10 மணிக்குப் பேங்க். அது முடிந்ததும் தக்கலை கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். 15100-ல் கூப்பிட்டும் கேட்கலாம். மார்ச்சுவரி வாசலில் கார்டு கொடுத்த வக்கீல் வேண்டாம். வருகிற தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே கூடாது. இ-சேவையில் வாரிசுச் சான்றிதழுக்கும் விண்ணப்பம் போட வேண்டும். தொகை வரும்போது பிள்ளைகள் பங்கை பேங்கில் வைப்பாகப் போட்டு, 18 வயதில்தான் எடுக்க விடுவார்கள். அது நல்லதுதான்.

ஜெனி, 11:17
சாயங்காலம் அந்த ஆட்கள் வந்தால்?

ஸ்டெல்லா, 11:17
நான் அக்கா வீட்டில் இருப்பேன்

அஜின், 11:18
நானும்

தேவசகாயம், 11:19
சண்டை வேண்டாம். கோர்ட்டில் பார்ப்போம் என்று மட்டும் சொல்லுங்கள்.

சுனிதா, 11:25
நாளைக்கு நான் நேராகத் தக்கலைக்கு வந்துவிடுகிறேன். ஆன்சிக்குப் பரீட்சை, ஜோயலைக் கூட்டி வருவேன்.

ஸ்டெல்லா, 11:26
ரெஜி? கார் எடுப்பாயா? அக்காவால் பஸ்ஸில் ஏற முடியாது.

ஸ்டெல்லா, 11:52
ரெஜி?

ரெஜி, 12:20
வெள்ளிக்கிழமை எனக்குத் திங்கள்நகரில் வேலை இருக்கிறது. பார்க்கிறேன்.

ஸ்டெல்லா, 12:20
பார்க்கிறேன் என்றால்?

ரெஜி, 12:41
அந்தத் தாளின் போட்டோ மாமாவுக்கு அனுப்பியிருக்கிறேன். அம்மாவைப் பேங்க் வரை கொண்டு விடுகிறேன். கோர்ட்டுக்கு வருவதை அப்புறம் சொல்கிறேன்.

அஜின், 12:43
அப்போ மரச்சீனியா பந்தியா? கோயில்பிள்ளை திரும்பக் கூப்பிடுகிறார்